இருபத்து மூன்று சைக்கிள்களும் ஒரு சாவியும்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஷிப்ட் தொடங்கியதிலிருந்தே சலவை ஆலையில் நீராவி மூச்சை அடைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தொட்டியிலிருந்து இழுத்து இழுத்து, சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சலவைச் சோடாவின் காரம் விரலிடுக்குகளைத் தின்றிருந்தது.

கொதிகலன்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சுருட்டை, உன் வண்டியக் காணோம்!"

தெருவுக்கு ஓடினாள். சைக்கிள் நிறுத்திய சுவரோரம் காலியாகக் கிடந்தது. பின் சக்கரத்தில் பூட்டுப் போட்டுத்தான் வந்திருந்தாள். திருடன் பூட்டை உடைக்கவே இல்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி வண்டியையே தூக்கிப் போயிருந்தான். இரண்டடி தள்ளி ஆலையின் இரும்பு வேலி. அதில் கோர்த்துப் பூட்டியிருந்தால் அசைக்க முடியுமா? ஆனால் வேலியைத் தொடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. மதிய ஷிப்டில் ஏற்கெனவே மூன்று போயிருந்தது; இந்த மாதம் இது நாலாவது வண்டி.

முதலாளியின் கார் வந்ததும் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, வேலியில பூட்டிக்க விடுங்க. இல்ல, உள்ள நிறுத்திக்கிறோம்."

"போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு. சங்கிலி உரசினா யாரு பதில் சொல்றது?"

"என் வண்டி போனதுக்கு யாரு பதில் சொல்றது?"

"உன் ஓட்டை சைக்கிளுக்கு நான் காவக்காரனா? நாளைக்கு அஞ்சு மணிக்கு நீ இல்லேன்னா வேற ஆள் நிக்கும்."

வீடு ஒன்பது மைல். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. அவள் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. எல்லாம் தெரிந்துதான் சொன்னான்.

மறுநாள் கொதிகலன்காரரின் கேரியரில் நேரத்துக்கு வந்து இறங்கினாள். அவர் நீளமான இரும்புச் சங்கிலி ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"சக்கரத்துல விடாதீங்கப்பா. சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டு மிச்சத்தத் தூக்கிடுவான். நடு பாருக்குள்ள விடுங்க" என்றார்.

இருபத்து மூன்று சைக்கிள்களின் பாருக்குள்ளும் புகுந்து, விளக்குக் கம்பத்தைச் சுற்றி வந்து, சங்கிலி ஒரே பூட்டில் முடிந்தது.

"சாவி?" என்று கேட்டார் கொதிகலன்காரர்.

"சுருட்டைகிட்ட குடுங்க. வண்டிதான் இல்ல, சாவியாவது இருக்கட்டும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் முதலாளி அவளை மட்டும் கூப்பிட்டான்.

"என் காரை மறிச்சுப் பேசுறவளுக்கு இங்க வேலை இல்ல. கிளம்பு."

சாவிக்காகத் தேடிவந்த கூட்டம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அவங்க சாவியக் குடுத்துட்டுப் போ" என்றான் முதலாளி.

அவள் கை இடுப்புக்குப் போனது.

"எடுக்காத தங்கச்சி" என்றார் கொதிகலன்காரர். "அவ வெளியன்னா எங்க வண்டி நகராது. நாங்களும் நகரமாட்டோம்."

"மிரட்டுறீங்களா? மதிய ஷிப்ட் வந்துக்கிட்டிருக்கு. உங்க அத்தனை பேரையும் விரட்டிட்டு அவங்களை வச்சு ஓட்டுவேன்!"

இருபத்து நாலு பேரும் தெருவில், சைக்கிள்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அழுக்குத் துணி ஏற்றிவந்த லாரி, இறக்க ஆளில்லாமல் ஹாரன் அடித்துக் கத்திக்கொண்டே நின்றது. மதிய ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கி, நடந்ததைக் கேட்டார்கள். முதலாளி கேட்டை அகலத் திறந்துவைத்தான்.

மதிய ஷிப்ட் ஆட்களில் முன்னால் நின்ற இஸ்திரிக்காரி கேட்டைப் பார்த்தாள். பிறகு சுருட்டையைப் பார்த்தாள்.

"பூட்டத் திறடி."

"எதுக்கு அக்கா?"

"எங்க வண்டியயும் சேத்துக் கோக்கத்தான், எதுக்காம்!"

"சங்கிலி பத்தாதே..."

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதோட மாட்டி நீட்டு."

சுருட்டை குனிந்து பூட்டைத் திறந்தாள்.