ஒட்டு காயும்வரை

கிண்ணம் கையைச் சுட்டபோதுதான் பசையை இறுகவைக்கும் ஹார்டனரை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. பசை புகைய ஆரம்பித்தது.

"என்ன வாடை அது?" உள்ளறைக் கட்டிலிலிருந்து கணவர் கேட்டார். "கூட ஊத்திட்டியா?"

"இல்லைங்க."

"பொய் சொல்லாத. மூக்கு இன்னும் சாகல."

கொழுந்தன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தான். "சீக்கிரம் காயட்டும்னு ஊத்துனீங்களா அண்ணி?"

அவள் வேறொரு கிண்ணத்தை எடுத்தாள். அவர் இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை இருவரும் கேட்டிருந்தார்கள். அளவாகக் கலந்த பசை இந்த மழை ஈரத்தில் நாளைக்கு முன் இறுகாது என்பதும் இருவருக்கும் தெரியும்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்த படகின் விளிம்புச் சட்டத்துக்கு அத்தனை நீளத்தில் மரம் கிடைக்கவில்லை. இரண்டு பட்டைகளின் முனைகளைச் சாய்வாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் படுக்கவைத்து ஒட்ட வேண்டும். இழைத்தது கணவர்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று அவர் கண்ணால் பார்ப்பதில்லை. காய்ந்தபின் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுவார். எங்கேயும் தடுக்கக் கூடாது. அந்த ஒரு தடவை அவர் விரல் ஓடிவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டு முன்கட்டில் இருந்த பட்டறை சிறியது. பட்டைகளை முக்காலிகள்மேல் நீட்டிவைத்தபோது ஒரு முனை கதவைத் தாண்டி அவர் கட்டில் பக்கம் போய் நின்றது.

"வாப்பா," என்றார் அதைப் பார்த்து. "நீயாவது வந்தியே."

அவள் மறுபடி அளந்து கலந்தாள். சாய்வுகளில் தடவி, பொருத்தி, கிளாம்புகளை முறுக்கினாள்.

"ரொம்ப இறுக்காத. பசையெல்லாம் வெளிய பிதுங்கிடும்."

"தெரியும். நீங்க பேசாம படுங்க."

"படுத்துட்டுதானே இருக்கேன்."

கொழுந்தன் சிரித்தான். அவளும் சிரித்திருப்பாள், வேறு நாளாக இருந்தால்.

சூடு பட்டால் சீக்கிரம் இறுகும் என்று ஒட்டின்மேல் பல்பைத் தாழ்த்திக் கட்டினாள். பிறகு இங்கும் அங்குமாக நடந்தாள். பிதுங்கிய பசையில் நகத்தை அழுத்துவாள். உள்ளே போய் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். திரும்பி வந்து நகத்தை அழுத்துவாள்.

"காஞ்சுதா?"

"இன்னும் இல்ல. இப்பவே தொட்டுப் பாக்குறீங்களா? கிளாம்பைக் கழட்டட்டுமா?"

"ஈரத்துல தொட்டா எந்த ஒட்டும் வழவழன்னுதான் இருக்கும்." மூச்சு வாங்கினார். "அவசரப்படாத."

பொழுது சாயும்போது நகம் சற்றே தடம் பதித்ததோடு நின்றது. அதைச் சொல்ல உள்ளே போனாள். அவர் மார்பு ஏறி இறங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது. வெகுநேரம் கழித்தே கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அமரர் ஊர்தி வண்டிக்காரரும் உதவியாளும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரரும் உதவிக்கு வந்தார். வழி முழுக்கப் பட்டை நீண்டுகிடந்தது.

"இதை எடுத்துடலாமா?" என்றார் வண்டிக்காரர்.

கொழுந்தன் கிளாம்பில் கைவைத்து அவளைப் பார்த்தான்.

"காயல," என்றாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

பட்டைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேராக நின்று அவரை உயரத் தூக்கினார்கள். கதவருகே தங்கள் உடம்பை ஒருக்களித்து, முக்காலிகளில் கால் படாமல், மெல்ல நகர்ந்தார்கள். அவர்கள் தலையில் இடிக்காதபடி அவள் பல்பை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். நான்கு பேரும் வாசலைத் தாண்டியதும் அதை மறுபடி ஒட்டின்மேல் தாழ்த்திக் கட்டினாள்.