ரெஜிலா ஆமென் சொல்லாத ஜெபம்

குழித்துறையில் ஆன்ட்ரூஸ் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சபையில் பாதிப்பேர் முழங்காலை மாற்றி ஊன்றிக்கொள்வார்கள். அவ்வளவு நீளம். போதகர் முதல் பெய்த மழை வரை ஒன்று விடாமல் நன்றி சொல்வார். பெண்டாட்டி ரெஜிலாவிடம் மட்டும் பதினான்கு வருஷமாக, சோறு ஆச்சா என்பதைத் தாண்டி அவருக்கு வாய் வந்ததில்லை. கல்மனசெல்லாம் கிடையாது; கூச்சம், வேறென்ன!

ரெஜிலா டெங்கு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனுஷன் ஆடிப்போனார். அவள் பிழைத்து வந்தால் மனசில் இருப்பதை முதல் வேலையாக அவளிடம் சொல்லிவிடுவேன் என்று வார்டு வாசலில் நின்று பொருத்தனை பண்ணினார். அவளும் வீட்டுக்கு வந்து மூன்று நாளாயிற்று. கஞ்சி கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், ஃபேனைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார். சொல்ல வேண்டியது தொண்டைக்குக் கீழேயே கிடந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு அவரும் ரெஜிலாவும் ஆறாவது படிக்கும் மகள் பிளஸ்ஸியும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கண்ணை மூடியதும் ஆன்ட்ரூஸுக்கு மடை திறந்துகொண்டது. இவளைத் திருப்பித் தந்தீரே, இவள் இல்லாத வீட்டில் உப்பு இருக்கும் இடம்கூட எனக்குத் தெரியவில்லையே, இவளை ஒரு நாளும் நான் கொண்டாடவில்லையே என்று ஆண்டவரிடம் கொட்டித் தீர்த்தார். அழுதும்விட்டார். பொருத்தனை நிறைவேறிய நிம்மதியோடு ஜெபத்தை முடித்தார்.

ஆமென் வரவில்லை. அம்மா சொல்லாமல் பிளஸ்ஸி சொல்லமாட்டாள். கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். ஆன்ட்ரூஸ் கண்ணைத் திறந்தால், ரெஜிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளஸ்ஸிக்க அப்பா, ஆண்டவருக்கு இதெல்லாம் முன்னமே தெரியும். தெரியாதது எனக்குத்தான். எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

ஆன்ட்ரூஸ் பாயைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். தப்ப வழியில்லை. கடைசியில் அவளைப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனாலும் எதிரே உயிரோடு இருந்தாள். அதுவே அவருக்கு நெஞ்சை நிறைத்தது.

"நீ வராம போயிருந்தா நான் என்ன செய்திருப்பேன்னு தெரியல்ல ரெஜிலா. ஒன்ன எனக்கு அவ்வளவு பிடிக்கும். சொல்லாம இருந்தது எனக்க தப்பு."

திக்கித் திணறித்தான் வந்தது. ரெஜிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்குமே கண் கலங்கியிருந்தது.

அப்புறம்தான் அவர் மகளைக் கவனித்தார். அம்மா இல்லாத பதினோரு நாளும் தானே தலை பின்னி, அடம் பிடிக்காமல் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளை. ஆன்ட்ரூஸ் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மக்கா, கண்ணத் தொற," என்றார். "ஒனக்கும் சொல்லணும்."