குமிழி வராத பெண்

உதவித்தொகை கொடுத்துக் கடல் பாதுகாப்புப் படிக்கவைத்த அந்த நிலையத்தில், உள்ளூர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு விஷயத்தில் திணறினார்கள். ஒருவனுக்குக் கடற்புல் வகைகளின் பெயர் வாயில் நுழையவில்லை. ஒருத்திக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டியது. சிப்பிக்காரர் மகளின் சிக்கல்தான் விநோதம். தண்ணீருக்கு அடியில் அவளுக்கு மூச்சை விட வரவில்லை.

அவளுடைய அப்பா கருவி எதுவும் இல்லாமல் மூச்சடக்கிக் குதித்துச் சிப்பி எடுப்பவர். மகளுக்கு நடை பழக்கிய கையோடு மூச்சடக்கவும் பழக்கிவிட்டார். "என் பொண்ணு உள்ள போனா, ஆள் வந்ததையே மீனுங்க மறந்துடும்" என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

நிலையத்தில் கதை தலைகீழ். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய். இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். முதல் பாடமே அதுதான். கேள்வி கேட்டால் அவள் பிசகாமல் சொல்வாள். ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டதும் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"தொட்டிக்குள்ள உன்னைத் தேடவே முடியலை. எல்லாருக்கும் குமிழி வருது, உனக்கு மட்டும் கல்லைப் போட்ட மாதிரி கம்முனு இருக்கு" என்று கூடப் படித்தவன் சீண்டினான்.

அவள் சிரித்து மழுப்பினாள். வாரக் கடைசிக்குள் மூச்சு சீராகாவிட்டால் கடலில் இறங்க அனுமதி இல்லை. கடலில் இறங்காதவர்களுக்கு உதவித்தொகையும் இல்லை. இதை வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா ஆசையாய்க் கற்றுக்கொடுத்ததே காலை வாருகிறது என்றால் அவர் முகம் என்ன ஆகும்? "பயிற்சி எப்படிப் போகுது?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "சூப்பரா போகுதுப்பா" என்றே ஒப்பேற்றிவந்தாள்.

கடைசி நாள் காலை, அவள் மறந்துவிட்டுப் போன துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவே வந்து நின்றார். பயிற்சித் தொட்டியின் ஓரத்தில் இருந்த டீச்சரிடம், "எப்படி, நம்ம பொண்ணு நல்லா மூச்சடக்குதா?" என்று கேட்டார்.

"பிரமாதமா அடக்குறா" என்றார் டீச்சர். "அதாங்க பிரச்சினையே."

டீச்சர் விளக்கி முடிக்கும்வரை அவள் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றினார். "அந்தக் குழாயை எனக்கும் ஒரு தடவை மாட்டிவிடுங்க. அப்படி என்ன கம்பசூத்திரம்னு பார்க்கிறேன்."

தொட்டியின் அடியில் எதிரும் புதிருமாக மண்டியிட்டார்கள். பக்கத்திலேயே டீச்சர். அப்பா ஒரே ஒரு மூச்சு இழுத்தார். அவ்வளவுதான், மார்பு விம்மி அப்படியே நின்றுவிட்டது. குமிழி இல்லை. பழக்கதோஷத்தில், அடக்கிய மூச்சோடு எழப் பார்த்தார்.

அவளுக்குப் பகீர் என்றது. பாய்ந்து அவருடைய தோள்களை இரு கைகளாலும் அழுத்தினாள். விடுப்பா, விடு. தண்ணீருக்குள் எப்படிச் சொல்வது? அவர் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், நெஞ்சு ஒட்டும்வரை மூச்சை ஊதிக் காட்டினாள். இழுத்தாள், மறுபடி ஊதினாள். அப்பா விழித்தார். அவள் விடவில்லை, சோறு ஊட்டும்போது குழந்தைக்கு முன்னால் தானும் வாயைத் திறந்து காட்டும் தாயைப் போல ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் வாயோரம் ஒரு சின்னக் குமிழி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே ஒரு கூட்டம் கிளம்பியது. தோள்கள் தளர்ந்தன.

மேலே வந்ததும் டீச்சர், "நாளைக்குக் கடலடியில பவளப்பாறைத் துண்டுகளை நடுறதுக்குப் படகு கிளம்புது. நீயும் வா" என்றார்.

"நான் எதுவும் செய்யலையே டீச்சர்?"

"அவ்வளவு நேரம் நீ ஒரு தடவைகூட மூச்சை நிறுத்தலை. போதும்."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "நீ சொல்லிக்குடுத்தது தப்புன்னு இல்லப்பா."

"தப்பு எங்கே வந்துச்சு? எங்கிட்ட இருந்தது ஒத்தை மூச்சு. அதான் சிக்கனமா இருந்தேன். உனக்குத்தான் முதுகு நிறையக் கட்டிவிட்டிருக்காங்களே, அப்புறம் எதுக்குக் கஞ்சத்தனம்?"

சொல்லிவிட்டு, கழற்றிய குழாயை மறுபடி கையில் எடுத்தார். "டீச்சரம்மா, இன்னொரு முறை இறங்கலாமா? போன தடவை பயத்துல எதையும் சரியா பார்க்கலை."

"தொட்டியில பார்க்க என்ன இருக்கு?"

"இவ மூச்சு விடுறதை" என்றார் அப்பா.