ஒரு கதவு மட்டும் பளபளக்கும் பேக்கார்ட்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இந்தியானாவில் எங்கள் ஊர் மளிகைக் கடை வாசலில், கூரை மடக்கிய 1934 பேக்கார்ட் கார் ஒன்று வந்து நின்றது. கையிலிருந்த உறைந்த பட்டாணிப் பை உருகிச் சொட்டச் சொட்ட அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓட்டி வந்த அம்மாள் கண்டுகொள்ளவில்லை. வயிறு எரிந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பன்னிரண்டு சிலிண்டர்களின் கம்பீரத்தோடு டெட்ராய்ட் நகரில் பிறந்த அந்த..." (வேண்டாம். கார் விற்கிறவன் பேச்சு.)

இரண்டாவது: வெர்னா லிண்ட்க்விஸ்ட், அறுபத்து மூன்று வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அப்பா விட்டுப்போன பேக்கார்ட் அவளுக்கும் தம்பி ஆரினுக்கும் பொது. தொழிற்சாலையில் பூசிய நீலம் தொண்ணூறு ஆண்டுகளாக மங்கிக் கிடக்கிறது. அதைத் தொடக் கூடாது என்பது அவள் கட்சி. புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில், புதுப்பிக்காத கார்களின் பிரிவில் ஒரு பரிசு ரிப்பன் வாங்கினால் கார் இப்படியே இருக்கும். இல்லையென்றால் திங்கள் காலை பெயின்ட் கடை.

(இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.)

3

ஆரினை வில்லனாக்கத்தான் நினைத்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. கண்காட்சிக்கு முதல் நாள், அக்கா ஜெயிக்கட்டுமே என்று, அவளுக்குத் தெரியாமல் ஓட்டுநர் பக்கக் கதவை இரண்டு மணி நேரம் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான். அதில் முகம் பார்க்கலாம்.

(குறிப்பு: இந்தப் பிரிவில் பழசுக்குத்தான் மதிப்பெண். பாசத்தோடு தேய்த்தாலும் போனது போனதுதான்.)

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நீ ஜெயிக்கணும்னுதான்க்கா."

"அதுக்கு நீ சும்மா இருந்தாலே போதுமேடா. அது ஒண்ணுதான் உனக்கு வராதே."

மறுநாள் கண்காட்சியில் நடுவர் அந்தக் கதவருகே குனிந்தார்.

"இது யார் வேலை?"

"என் வேலைதான் சார்," என்றான் ஆரின்.

"கார் ஒரு தடவைதான் பழசாகும் தம்பி. இந்தக் கதவு இனிமே முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

4

(இங்கே ஒரு மழையைப் பெய்ய வைத்தேன். அடித்துவிட்டேன்.)

முடிவு சொல்லும் முன் ஒவ்வொரு காரும் தன் இஞ்சினிலேயே மேடைக்கு வர வேண்டும் என்பது இங்கே வழக்கம். முன்னால் போன சிவப்புக் கார் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. கண்ணாடி போல மின்னிய அதை நாலு பேர் தள்ளிப் போனார்கள். வெர்னாவின் கார் தொட்டதும் கிளம்பியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பக்கத்து இருக்கையில் ஆரின். கூரை இல்லாத காரில் கை எங்கே போகும்? தானாகக் கதவின் மேல் விழுந்தது. முழங்கை பட்ட இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, நீலம் தேய்ந்து உலோகம் தெரிந்தது. அது அம்மா உட்காரும் பக்கம். கோடை கோடையாக அவள் முழங்கை ஊன்றிய இடம். நேற்று நேரம் இருந்திருந்தால் அதையும் அவன் தேய்த்திருப்பான். கையை அங்கேயே வைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னான்.

"திங்கக்கிழமை பெயின்ட் கடை வேண்டாம்."

"என்னது? இஞ்சின் சத்தத்துல கேக்கல."

"இந்த இஞ்சினுக்கு ஏதுக்கா சத்தம்? உனக்கு நல்லாவே கேட்டுச்சு."

"கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள்.

5

ரிப்பன் கிடைத்ததாக ஒரு முடிவும், கதவால் கைநழுவியதாக ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் வீண். வெர்னா மேடையில் நிறுத்தவே இல்லை. கண்காட்சி வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைக்கே ஓட்டிப் போய்விட்டாள். நடுவர் முடிவு எழுதிய உறையோடு அங்கேயே நிற்கிறார். வேண்டுமானால் நீங்களே வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரும் கேட்கப் போவதில்லை.