டாக்டர் முன்சாகாவின் பொதுச் சோதனை

எங்கள் சியம்புலா மாவட்டத்துக்கு டாக்டர் முன்சாகா சுகாதார இயக்குநராக வந்து ஆறு வருடம் ஆகிறது. எச்.ஐ.வி. தடுப்பு பற்றி அவர் பேசாத மேடை கிடையாது. தேவாலயத்தில் பேசுவார், மாட்டுச் சந்தையில் பேசுவார், சாவு வீட்டில்கூடப் பேசி முடித்துவிட்டுத்தான் ஷிமாக் களியில் கை வைப்பார். "பயப்படாதீங்க. ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம். இருக்குன்னு தெரிஞ்சா மருந்து இருக்கு, வாழ்க்கையும் இருக்கு" என்பார். அத்தனையும் உண்மை. நான் பதினான்கு வருடமாகச் சோதனை அறையில் வேலை பார்க்கும் செவிலி. அவர் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

தலைநகர் லுசாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் முதல் தேதி, எய்ட்ஸ் தினத்தன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் தலைமை அதிகாரி மக்கள் முன்னால் மேடையில் உட்கார்ந்து சோதனை செய்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சிக்காரர்களும் வருவார்கள்.

அலுவலகக் கூட்டத்தில் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டர் நெஞ்சை நிமிர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"ரிசல்ட்டையும் நானே மைக்குல சொல்றேன். சோல்வே சிஸ்டர், கிராமத்து ஜனங்களுக்கு என்னென்ன செய்வீங்களோ, அதெல்லாம் எனக்கும் செய்யணும். ஒரு கேள்வி விடக் கூடாது."

நாங்கள் கை தட்டினோம். எங்கள் அலுவலகத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒரு ஒத்திகை பாத்துடலாமா, சிஸ்டர்?"

விரலில் குத்தினேன். நோய் இல்லை என்று வந்தது. தேர்வில் தேறிய பையனைப் போலப் பெருமூச்சு விட்டார். நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஊதா மருந்துப் புட்டியை எடுத்து, குத்திய இடத்தில் தாராளமாகத் தடவிக்கொண்டார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். "அந்தக் கிட்டு பழசா இருக்குமோ?" இன்னொன்று குத்தினேன். அதிலும் இல்லை.

"சிஸ்டர், நோய் உள்ள இருந்தும் மூணு மாசம் வரைக்கும் சோதனையில தெரியாமப் போறது உண்டுதானே?"

"உண்டு. யாருக்குங்க?"

"பொதுவாக் கேட்டேன்."

அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவரே அவர்தான். அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. மனசு ஆறிவிட்டது போல என்று நினைத்தேன்.

ஆறவில்லை. என்னை விட்டவர் ஆய்வகத்துச் சீலோவைப் பிடித்திருக்கிறார். சீலோவுக்குப் பிறகு மருந்துக்காரர். கடைசியில் ஓட்டுநர் ஹிமூங்காவைக்கூட விடவில்லை. ஏரிக்கரைச் சாலையில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறார். ஹிமூங்காவுக்கு மாட்டுக்கு ஊசி போட்ட பழக்கம் உண்டு. விளக்கத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே குத்தினானாம். ஒவ்வொருவரிடமும் "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. ரகசியம் காக்கிற விஷயத்தில் எங்கள் பயிற்சி நல்ல பயிற்சி.

பயம் தொற்றும். அது எந்த உறையிலும் நிற்காது. இவ்வளவு படித்தவருக்கே நடுக்கம் என்றால் நம் கதி என்ன என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்கிறது. எய்ட்ஸ் தினத்துக்கென்று மாகாணத்திலிருந்து வந்த இரண்டு பெட்டிகள், மொத்தம் ஐம்பது கிட்டுகள், ஆய்வக அலமாரியில் இருந்தன. ஒருவர் தனக்கு ஒன்று எடுத்தார். இன்னொருவர் தனக்கும் மனைவிக்கும் எடுத்தார். வேறொருவர் மனைவிக்குத் தெரியாத இன்னொருத்திக்கும் சேர்த்து எடுத்தார். எல்லோரும் பெட்டியை மறுபடி ஒட்டி வைத்துவிட்டு, டாக்டரைப் போலவே இரண்டு நாளில் திரும்ப வந்தார்கள். நானும் ஒன்று எடுத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

விழா நாள் காலை ஏழு மணிக்கே பந்து மைதானத்தில் எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஏரிக்கரை மீனவர் குடிசைகளிலிருந்து பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். கூடாரத்தில் பெட்டிகளைப் பிரித்தேன். முதல் பெட்டியில் விளக்கத் தாள்கள் மட்டும் இருந்தன. இரண்டாவதில் ஒன்பது கிட்டுகள்.

நான் சீலோவைப் பார்த்தேன். சீலோ ஹிமூங்காவைப் பார்த்தான். ஹிமூங்கா மரத்தைப் பார்த்தான்.

"எலியா இருக்குமோ, அக்கா?" என்றான் சீலோ.

"எலிக்கு எதுக்குடா எச்.ஐ.வி. கிட்டு?"

விசாரிக்க நேரமில்லை. மேடைக்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு முதல் எட்டுப் பேருக்குச் செய்தேன். ஒன்பதாவதாக நின்றவள் சிபேகோ, மீன் காய வைத்து விற்கிறவள், முதுகில் குழந்தை. "கொஞ்சம் இரு, பாத்துச் சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மேடைக்கு ஓடினேன்.

டாக்டர் கோட்டுப் போட்டு, கைகளைப் பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் அவர் மனைவி லுயாண்டோ அம்மா, பெரிய தொப்பியோடு. தொலைக்காட்சிக்காரன் கேமராவைத் தோளில் ஏற்றினான். எல்லோருக்கும் நிரப்புகிற அதே படிவத்தை எடுத்து, அதே முதல் கேள்வியை மைக்கில் கேட்டேன்.

"கடைசியா எப்ப சோதனை செஞ்சீங்க?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஆறு மாசம் முன்னாடி. நானும் என் மனைவியும் சேந்து போனோம்."

எனக்குப் பின்னால் சீலோ இருமினான். உடனே மருந்துக்காரர் இருமினார். மேடைக்குக் கீழே ஹிமூங்காவுக்கும் இருமல் வந்தது. பிறகு மூவரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கே விஷயம் விளங்கியது. முன்வரிசையில் தொப்பி மெல்ல நிமிர்ந்தது.

"கையைக் குடுங்க, டாக்டர்."

பையிலிருந்து கை வரவில்லை.

"கையை மேல காட்டுங்க ஐயா, படத்துல விழணும்" என்றான் கேமராக்காரன்.

இரண்டு கையும் வந்தது. பத்து விரல் நுனியும் ஊதா. எங்கள் ஊரில் விரலில் அந்த நிறத்தில் மை ஏறுவது தேர்தல் அன்று மட்டும்தான், அதுவும் ஒரே விரலில்.

"அடேயப்பா!" என்று சிபேகோவின் குரல் வரிசையிலிருந்து கிளம்பியது. "டாக்டரு பத்து ஓட்டுப் போட்டிருக்காரு! எந்தக் கட்சிக்குங்கய்யா?"

மைதானமே சிரித்து உருண்டது. பாட்டுப் பாட வந்து நின்ற பள்ளிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தோட்டத்துல மல்பெரிப் பழம் பறிச்சேன்" என்றார் டாக்டர், மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து.

"டிசம்பர்ல மல்பெரியா? எங்களுக்கும் ஒரு கூடை குடுங்க!" என்று கூட்டத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

குத்தாத இடமாகத் தேடி ஒரு விரலின் ஓரத்தில் குத்தினேன். கால் மணி நேரம் காத்திருந்தோம். இத்தனை முறை செய்தும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. நோய் இல்லை என்று வந்தது. அவர் மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டு, துணிச்சலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

பேச்சு நடக்கும்போதே லுயாண்டோ அம்மா எழுந்து சோதனை வரிசைக்கு வந்துவிட்டார். பெண்கள் வழி விட்டார்கள்.

"வேண்டாம். கடைசியாத்தான் வந்தேன், கடைசியிலயே நிக்கிறேன்."

அந்த வரிசைக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "கிட்டு தீந்து போச்சு. அடுத்த மாசம் வாங்க."

"தீந்து போச்சா?" சிபேகோ முதுகுக் குழந்தையை இறுக்கிக் கட்டினாள். "கோழி கூவறதுக்கு முன்னாடி புறப்பட்டு வந்திருக்கோம். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். அதோ, அந்தப் பத்து விரல்ல போச்சு."

லுயாண்டோ அம்மா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "எத்தனை தடவை?"

"அம்மா, அதை நான் சொல்லக் கூடாது."

"சொல்ல வேண்டாம். எனக்கு எண்ணத் தெரியும். ஆறு மாசம் முன்னாடி நான் அவரோட எந்தச் சோதனைக்கும் போகல, அதுவும் எனக்குத் தெரியும்." பிறகு சிபேகோ பக்கம் திரும்பினார். "மிஷன் ஆஸ்பத்திரியில கிட்டு இருக்குமா?"

"இருக்கும்மா. ஆனா முப்பது கிலோமீட்டரு."

அம்மா நேராக ஹிமூங்காவிடம் போனார். "வண்டியை எடு."

"டாக்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஐயாவுக்கு ரிசல்ட் வந்துடுச்சுப்பா. எங்களுக்குத்தான் வரல."

பதின்மூன்று பெண்களும் நான்கு குழந்தைகளும் அந்த வெள்ளை வண்டியில் ஏறினார்கள். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். வண்டியின் பக்கவாட்டில் 'தலைவர் முன்னே, மக்கள் பின்னே' என்ற பதாகை படபடத்தது. டாக்டர் அப்போது தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். புழுதியைப் பார்த்துக் கை நீட்டினார், ஹிமூங்கா நிறுத்தவில்லை. அன்று வாடகை நாற்காலிகளோடு லாரியில் ஏறித்தான் அவர் வீடு போய்ச் சேர்ந்தாராம், விழாவில் ஊற்றிக் காலியான சிப்வான்டு கூழ் டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி.

மிஷனில் எல்லோருக்கும் சோதனை நடந்தது. அன்றே ஒருத்திக்கு மருந்து ஆரம்பித்தார்கள் என்று மட்டும் தெரியும். யாருக்கென்று சொல்ல மாட்டேன். லுயாண்டோ அம்மா அடுத்த நாள் பேருந்து ஏறித் தன் தங்கை வீட்டுக்குப் போனவர் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார்.

திங்கட்கிழமை டாக்டர் கூட்டம் போட்டார். காணாமல் போன நாற்பத்தொரு கிட்டுகளைப் பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்தார். சீலோ, மருந்துக்காரர், ஹிமூங்கா, நான். இரண்டு நாள் உட்கார்ந்து, பிஸ்கட்டும் தேநீருமாக ஆழமாக ஆராய்ந்தோம். ஈரத்தால் பழுதடைந்தன என்று அறிக்கை எழுதினோம். அந்த வருடம் சியம்புலாவில் மழையே பெய்யவில்லை. டாக்டர் படித்துப் பார்த்து, மிகவும் நேர்மையான அறிக்கை என்று பாராட்டி லுசாகாவுக்கு அனுப்பினார். அதில் என் கையெழுத்தும் உண்டு.

அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் பிறகு வரவேயில்லை. அவர்களைப் பற்றி யாரும் அறிக்கை கேட்கவில்லை.