ஆட்சேபணை இன்னும் முடியவில்லை

என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மேல் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மற்ற பற்கள் எதனால் விழுந்தன என்பது வேறு விஷயம்.

கால்வாய் ஓரத்துத் தகரக் கூரை வீடுகளில் இருப்பவர்களுக்குக் குறைந்த வாடகையில் அடுக்குமாடி கட்ட எங்கள் நகராட்சி திட்டம் போட்டிருந்தது. அதற்கு ஒப்புதல் தரும் கூட்டம் மண்டபத்தில் காலையில் தொடங்கியது. கைக்குழந்தைகள் உட்படக் கால்வாய்த் தெருவே திரண்டு வந்திருந்தது. அந்தத் தெருவில்தான் என் தங்கச்சியும் இருந்தாள். தையல்காரி. மழை வந்தால் வீடு முழுக்க வாளியை வைத்துவிட்டுக் குடைக்குக் கீழே உட்கார்ந்து தைப்பாள். புது வீட்டுக்கு முதல் ஆளாக மனுப் போட்டவளும் அவள்தான்.

கூட்டம் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. எல்லோரும் சரி என்றார்கள். வானம் மட்டும்தான் சரியில்லை.

மண்டபக் காவலாளி ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தார். "புயல் மதியமே வந்துடுமாம். கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் சட்டுபுட்டுன்னு கிளம்புங்க. மண்டபத்தைப் பூட்டணும்."

"இந்தக் காத்துல தகரத்துக்குக் கீழ எப்படிங்க இருக்கறது? இங்கயே ஒரு ஓரமா இருந்துக்கறோமே" என்றாள் தங்கச்சி.

"கூட்டம் நடக்கறவரைக்கும் யார் வேணா இருக்கலாம்மா. முடிஞ்சா பூட்டணும். விதி."

கூட்டத்தை நடத்திய நகராட்சித் தலைவரம்மா நல்லவர்தான். ஆனால் விதியில் இல்லையென்றால் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்வார். புயல் காப்பிடம் கட்டுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். அந்தத் தகவல் புயலுக்குப் போய்ச் சேரவில்லை.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு, கூட்டத்தை முடிக்கத் தலைவரம்மா மரச் சுத்தியலைத் தூக்கினார். ஆட்சேபிப்பவர் பேசி ஓயும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது. அதுவும் விதி.

நான் எழுந்தேன். "எனக்கு இருக்கு."

தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருண்ணா! மூளை கீளை கலங்கிப்போச்சா? எனக்கு வர்ற வீட்டுக்கு நீயே வேட்டு வைக்கறியே!"

"வீடு வேணாம்னா சொன்னேன்? அந்த மாடிப்படியப் பத்தி ஒரு சின்ன விஷயம், அவ்வளவுதான்."

படியில் தொடங்கினேன். கைப்பிடி வலப்பக்கம் இருந்தால் இடது கைக்காரர்கள் பின்பக்கமாக ஏற வேண்டிவரும் என்றேன். அங்கிருந்து ஜன்னலுக்குப் போனேன். எந்தப் பக்கம் திறந்தால் எதிர்வீட்டுச் சண்டை தெளிவாகக் கேட்கும் என்பதை விளக்கினேன்.

அடுக்குமாடிக்கு வரைபடம் போட்ட பொறியாளர் நெளிந்தார். "ஐயா, ஜன்னல்லாம் வரைபடத்துலயே இருக்குங்க."

"இருக்கறதுதானே தம்பி தப்பு. அதத்தான சொல்லிட்டிருக்கேன்."

இதற்குள் புயல் வந்துவிட்டது. தெருவிளக்குக் கம்பம் குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. இடமில்லை என்றதும் நிமிர்ந்துகொண்டது. காற்று என் குரலை அமுக்கப் பார்த்தது. ஆனால் நான் நெரிசல் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவன். பழக்கதோஷத்தில் "உள்ள போ, உள்ள போ!" என்று ஒரு சத்தம் போட்டேன். காற்று இரண்டு தெரு தள்ளிப் போய் நின்றது.

அப்போது ஜன்னலைத் தாண்டி ஒரு தகரம் பறந்தது. ஓட்டையைப் பார்த்ததுமே அது தன் வீட்டுக் கூரை என்று தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். பெஞ்சின் மேலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சிட்டுப் பேசுண்ணா. குளியலறையப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலியே!"

தலைவரம்மாவுக்கும் விளங்கிவிட்டது. "விளக்கமா சொல்லுங்க. அவசரமே இல்ல" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

குளியலறை, சமையலறை, ஆணி அடிக்கும் இடம் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்தேன். மொட்டைமாடிக்கு வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வெளியே மரங்கள் முறியும் ஓசை. தலைவரம்மா சுத்தியலைப் பார்த்தார். விதி விதிதானே. கை மெல்ல அதை நோக்கிப் போனது.

கதவருகே சாவிக்கொத்து குலுங்கியது.

"எனக்கும் ஒரு ஆட்சேபணை இருக்குங்க" என்றார் காவலாளி. "இந்தப் பூட்டு சரியில்ல. அதப் பத்திக் கொஞ்சம் விரிவாப் பேசணும்."

அப்புறம் ஆட்சேபிக்க ஒரு வரிசையே நின்றது. பக்கத்துவீட்டுக்காரி, பால்காரர், பொறியாளரே தன் வரைபடத்துக்கு எதிராக ஒருமுறை. எல்லோரையும் ஒரு கைக்குழந்தை தோற்கடித்தது. அதன் ஆட்சேபணையில் தொய்வே இல்லை.

சாயங்காலம் வெயில் எட்டிப் பார்த்தது. வெளியே போனோம். வீடு கட்டவிருந்த காலி மனையில், கால்வாய்த் தெருவின் தகரங்களை எல்லாம் புயல் வீடு வீடாகப் பிரித்து வரிசையாகப் பரப்பிவைத்திருந்தது. பொறியாளர் நாடா பிடித்து அளந்தார். வரைபடத்தில் இருந்ததைவிட ஒரு வீடு கூடுதலாகக் கிடைத்தது. தங்கச்சியின் தையல் மெஷின் வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. வழியில் ஒரு சட்டையைத் தைத்து முடித்திருந்தது. பொத்தானுக்குக் காஜா எடுப்பது மட்டும்தான் பாக்கி.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஒருவருக்கும் கூரையும் இல்லை.

"இப்ப எங்கண்ணா போறது?" என்றாள் தங்கச்சி.

தலைவரம்மா குழந்தையைப் பார்த்தார். அது மறுபடி வீறிட்டது. "இவங்களோட ஆட்சேபணை இன்னும் முடியல. கூட்டம் தொடரும். எல்லாரும் உள்ள வாங்க" என்றார்.

அடுக்குமாடி எழும்பி நிற்கும்வரை கூட்டம் நடந்தது. கீழ்த்தளம் முழுக்கப் புயல் காப்பிடம், அதற்குப் பூட்டே வைக்கக் கூடாது என்று காவலாளி முன்மொழிந்தார்; ஏகமனதாக நிறைவேறியது. முதல் மழையன்று தங்கச்சியைப் பார்க்கப் போனேன். புது வீட்டு நடுவில் உட்கார்ந்து, தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொட்டுகூட விழலண்ணா. கை ஓடவே மாட்டேங்குது" என்று சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: புயல் எச்சரிக்கை வந்ததால், நான் எழுந்து ஆட்சேபித்த அந்தக் கூட்டத்தை நகராட்சி முதல் நாளே ரத்து செய்துவிட்டது.