நீல ஸ்டிக்கர்

அந்தப் பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு வயது உண்டு. தலைமையாசிரியை வந்த கையோடு செய்த முதல் வேலை அது. ஐந்தாம் வகுப்புக்கு மஞ்சள் ஸ்டிக்கர், எட்டாம் வகுப்புக்கு நீலம். உள்ளே படித்துப் பார்த்தா ஒட்டினார்? அதுதான் இல்லை. தடியாக இருந்தால் நீலம், படம் இருந்தால் மஞ்சள். நூலகத்து அக்கா அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்பில் வாலு என்று ஒருத்தி. புத்தகம் என்றாலே அவளுக்கு எட்டிக்காய். வெள்ளிக்கிழமை ஒரு மஞ்சள் நீதிக்கதையை வாங்குவாள், அடுத்த வெள்ளி பிரிக்காமலே திருப்பித் தருவாள். அந்த வாலுதான் இன்று வகுப்பில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, நூலக மேசை முன்னால் நின்றாள். நீதிக்கதையின் மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து, ஒரு பேய்க்கதையின் நீலத்துக்கு மேல் ஒட்டி, அக்கா கண்ணிலேயே மண்ணைத் தூவியிருந்தாள். ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்ததில் குட்டு உடைந்துவிட்டது.

"இந்த வயசுலயே என்ன திருட்டுத்தனம் பாருங்க," என்றார் தலைமையாசிரியை. "இந்த வருஷம் முழுக்க இவ லைப்ரரி பக்கமே வரக் கூடாது."

அக்காவுக்குச் சுரீர் என்றது. படிக்காத பிள்ளை படிக்க ஆரம்பித்த வாரத்திலேயே கதவைச் சாத்துவதா? நன்றாக இருக்கிறது நியாயம்!

"எதுவரைக்கும் படிச்சே?" என்று வாலுவைக் கேட்டாள்.

"கிணத்துக்குள்ளருந்து கூப்பிடற வரைக்கும். யாருன்னு இன்னும் தெரியலக்கா. எட்டிப் பாக்காதேன்னா அந்தக் கதைப் பையன் கேக்கவே மாட்டேங்கறான்."

அக்கா எழுந்தாள். தூசி துடைக்கும் துணியைத் தண்ணீரில் நனைத்து, முதல் அலமாரிப் புத்தகத்தின் ஸ்டிக்கரைத் தேய்த்து உரித்தாள். பிறகு அடுத்தது.

"என்ன பண்றீங்க?"

"ஸ்டிக்கர் இருந்தாத்தானே மேடம் மாத்தி ஒட்டுவாங்க?"

"அப்புறம் எது எந்தப் பிள்ளைக்குன்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பக்கம் படிச்சுப் பாக்கட்டும். புடிச்சா கொண்டு போகட்டும், புடிக்கலன்னா வேற எடுக்கட்டும். பயந்துட்டா என்கிட்ட வரட்டும், நான் எதுக்கு இருக்கேன்?"

"மேலிடத்துக்கு எழுதுவேன். வேலை போயிடும்."

"தாராளமா எழுதுங்க. அதுக்குள்ள இந்த அலமாரிய முடிச்சிடறேன்." அக்கா அடுத்த புத்தகத்தை இழுத்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

தலைமையாசிரியை பேய்க்கதையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வாலு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"மேடம், அது நான் எடுத்த புத்தகம். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னுது."

"தள்ளு."

"முடிக்காம தரமாட்டேன்."

சொன்னது யார்? ஒரு புத்தகத்தைக்கூடப் பிரிக்காமலே திருப்பித் தந்தவள். நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை. தலைமையாசிரியை திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டாவது தட்டுக்குப் போயிருந்தாள்.

புத்தகத்தைக் கொடுத்த பிறகுதான் தலைமையாசிரியையால் வாசலைத் தாண்ட முடிந்தது. வாலு அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.